விழுந்ததை நோட்டில் எழுதுங்கள்: நடுக்குவாதம் உள்ள வீட்டுக்கு

கும்பகோணம், பாபநாசம் பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறவள் நான். நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் இருக்கிற வீட்டில் "ஐயா எத்தனை தடவை விழுந்தாங்க?" என்று கேட்டால், "அப்பப்ப விழுவாருங்க" என்பார்கள். அந்த 'அப்பப்ப'வை வைத்துக்கொண்டு என்னாலும் டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். விழுந்த மணி, இடம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், கடைசி மாத்திரை எப்போது போட்டார். இந்த நாலும் போதும். விழப் போய் சுவரைப் பிடித்துத் தப்பித்ததையும் எழுதுங்கள். ஆராய்ச்சி செய்கிறவர்களும் நோயாளியிடம் இப்படி ஒரு நாட்குறிப்பைத்தான் கொடுக்கிறார்கள். அப்படி எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் சுமார் 60 சதவீதம் பேர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழுகிறார்கள். 2013-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு குழு, யார் விழக்கூடும் என்று கணிக்க மூன்றே விஷயம் பார்த்தது: போன வருஷத்தில் விழுந்தாரா, போன மாதத்தில் நடக்கும்போது கால் தரையோடு ஒட்டின மாதிரி நகராமல் நின்றதா, நடை விநாடிக்கு 1.1 மீட்டருக்குக் குறைவா. கூடத்தில் நாலு மீட்டர் அளந்து வழக்கம்போல நடக்கச் சொல்லுங்கள். நாலு விநாடி பிடித்தால் மெதுவான நடை என்று வைத்துக்கொள்ளலாம்.

நாலைந்து வாரம் எழுதினாலே ஏதாவது பிடிபடும். அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்னால்தான் விழுகிறார் என்றால் மருந்தின் வேகம் இறங்குகிற நேரம் அது. மாத்திரை நேரத்தை டாக்டர்தான் மாற்ற வேண்டும், நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். பார்க்கின்சனுக்கு முக்கியமாகக் கொடுக்கிற லெவோடோபா மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் தண்ணீரோடு கொடுப்பது நல்லது, பருப்பும் பாலும் அதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். படுக்கையிலிருந்து எழுந்ததும் விழுகிறார் என்றால் படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கு வந்தால் கேளுங்கள், பார்த்துத் தருவார்.

பாபநாசம் பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். நோட்டில் பாதிக்கு மேல் ஒரே இடம்: கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகிற நிலைப்படி. காபி டம்ளர் கையில், வாயில் பேச்சு, எதிரே குறுகின வாசல். கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. "வாங்க, வாங்க" என்று அவர் மனைவி கையைப் பிடித்து இழுக்க, உடம்பு முன்னால் போயிற்று, பாதம் நின்ற இடத்திலேயே நின்றது. தயவுசெய்து இழுக்காதீர்கள். நிற்கட்டும். மூச்சு விடட்டும். இடது காலிலும் வலது காலிலும் மாறி மாறிப் பாரம் போடச் சொல்லி, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, 'ரெண்டு'க்கு அடியெடுக்கச் சொல்லுங்கள். அந்த அம்மா நிலைப்படிக்கு முன்னால் கோலமாவில் குறுக்குக் கோடு போட்டுவைத்தார். கோட்டைத் தாண்டும்போது கால் தானாக எழுந்தது. யோசனை சரிதான், மாவு வழுக்கும். எலக்ட்ரீஷியன் வைத்திருக்கிற வெள்ளை டேப்பை ஓரடி இடைவெளியில் ஒட்டினோம், சிவப்பு சிமெண்ட் தரையில் பளிச்சென்று தெரிந்தது. காபியை உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுற்றாமல், மாட்டுவண்டி திரும்புகிற மாதிரி அகலமாகச் சுற்றி வரட்டும்.

முற்றத்துப் பாசிக்கு ஐப்பசி மழைக்கு முன்பே பிளீச்சிங் பவுடர். தரையில் இழுபடுகிற வேட்டியை மடித்துக் கட்டுங்கள். கழிவறையில் கைப்பிடி. இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பயிற்சியைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள், "முடியாம போனப்புறம் பாத்துக்கலாம்" என்று. ஆராய்ச்சி இதற்கு நேர் எதிர். 2012-ல் அமெரிக்காவில் தாய்ச்சி என்கிற, மெதுவாக அசைந்து செய்கிற சீனப் பயிற்சியைப் பழகிய பார்க்கின்சன்காரர்கள், வெறுமனே கைகால் நீட்டி மடக்கியவர்களைவிடக் குறைவாக விழுந்தார்கள். 2022-ல் பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை, பயிற்சியால் விழுதல் சுமார் 26 சதவீதம் குறையலாம் என்கிறது. ஆனால் 2015-ல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், நோய் லேசாக இருந்தவர்களுக்கே பலன். அதனால் ஆரம்பத்திலேயே தொடங்குங்கள். தாய்ச்சிக்கு நம் ஊரில் ஆள் தேட வேண்டாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் பாரம் மாற்றுவது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, பெரிய அடியாக எடுத்து வைப்பது, இவற்றை மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் செய்யட்டும். நோய் முற்றியவரைத் தனியாகப் பயிற்சி செய்ய விடவே கூடாது, பக்கத்தில் ஆள் வேண்டும்.

விழுந்துவிட்டால் அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். தலையில் அடியா, இடுப்பில் வலியா, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது நோட்டோடு வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகள் அத்தனையும் பையில் எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரை, பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கினது, நாட்டு மருந்துக் கடைப் பூனைக்காலி விதைப் பொடி உட்பட. அந்தப் பொடியிலும் லெவோடோபாதான் இருக்கிறது.