பாதக் கோளாறு உள்ளவர்கள் வீட்டுக்குள் அணியும் செருப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கையில் எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருந்தால் வாங்கிவிடுவதுதான் பலரின் வழக்கம். பாதத்தில் கோளாறு இல்லாதவருக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. குதிகால் வலி, தட்டைப் பாதம், பெருவிரல் மூட்டுப் புடைப்பு, சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது. மெத்தென்று இருப்பது வேறு, தாங்குவது வேறு. உடல் எடை முழுதும் ஏறியதும் அமுங்கிப்போகிற நுரை பாதவளைவைத் தாங்காது. அதோடு பாதம் உள்பக்கமாகச் சாயவும் இடம் கொடுத்துவிடும்.

வெளியே போகும்போது நல்ல ஷூ போடுகிறவர்கள்கூட வீட்டில் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் மணிக்கணக்காக நிற்கிறார்கள். சமையல், துவைப்பது, பெருக்குவது எல்லாம் நின்றபடி செய்கிற வேலைகள். வெளியே பத்திரமாக இருந்த பாதம் வீட்டுக்குள் வலிக்க இதுவே பெரும்பாலும் காரணம்.

முதலில் செருப்பைக் கையிலேயே சோதியுங்கள்

முன்பக்கத்தை ஒரு கையிலும் பின்பக்கத்தை மறு கையிலும் பிடித்து, துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். கொஞ்சம் அசைந்து கொடுத்தால் சரி. முழுதாக முறுக்கிக்கொண்டால் அது பாதத்தைப் பிடித்து வைக்காது.

அடுத்து முன்பகுதியை மேல்நோக்கி மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில்தான் மடங்க வேண்டும், ஏனென்றால் நடக்கும்போது பாதம் மடங்குவதும் அங்கேதான். நட்டநடுவில், பாதவளைவுக்குக் கீழே மடங்கினால் வேண்டாம்.

பின்பக்கம் மூடிய வகையானால் குதிகால் கூட்டை இருபுறமும் விரலால் அழுத்துங்கள். எளிதில் உள்ளே சரியக்கூடாது. கடைசியாக, உட்புறம் பாதவளைவு வரும் இடத்தைக் கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள். சற்று அமுங்கி, பிறகு எதிர்த்து நிற்க வேண்டும். தரை வரை போய்விட்டால் அந்த மேடு வெறும் தோற்றத்துக்குத்தான். மெமரி ஃபோம் (அமுங்கி மெல்ல எழும் மென்நுரை) மட்டும் வைத்த செருப்புகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். கெட்டியான ஈவிஏ (ரப்பர் போன்ற ஒரு வகை நுரைப் பிளாஸ்டிக்) அல்லது கார்க் அடித்தளத்தின் மேல் மெல்லிய நுரைப் படலம் இருப்பதே நல்ல அமைப்பு.

அளவு எடுப்பது

நாள் போகப் போகப் பாதம் சற்று வீங்கும், ஆகவே மாலையில் அளவெடுங்கள். காகிதத்தின் மேல் எடை முழுதும் ஊன்றி நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதங்களையும் வரையுங்கள். வேறொருவர் வரைந்து கொடுத்தால் இன்னும் நல்லது, குனிந்தால் எடை மாறிவிடும். இரண்டில் பெரிய பாதத்தின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். மிக நீண்ட விரலுக்கும் செருப்பின் முனைக்கும் இடையே 10 முதல் 12 மில்லிமீட்டர் இடம் வேண்டும். சிலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம், பெருவிரலை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

உள்ளட்டையைக் கழற்ற முடிந்தால் அதை வெளியே எடுத்து அதன் மேல் நின்று பாருங்கள். பாதம் விளிம்பைத் தாண்டினால் அந்தச் செருப்பு அகலம் போதாதது. இதற்குப் பெரிய எண் வாங்குவது தீர்வல்ல. நீளம் கூடி, கால் முன்னால் வழுக்கும், பாதவளைவு மேடும் தவறான இடத்துக்குப் போய்விடும். அதே எண்ணில் அகல வகை தேடுங்கள்.

பின்வார் அவசியம்

பின்பக்கம் திறந்த, காலை நுழைத்தவுடன் நடக்கும் செருப்பு வசதிதான். ஆனால் அது கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வோர் அடியிலும் விரல்கள் மடங்கித் தரையைப் பற்றுகின்றன. நாள் முழுதும் இப்படி நடந்தால் விரல் மூட்டும் முன்பாதமும் நோகும். வயதானவர்கள் தடுக்கி விழவும் இது வழி செய்கிறது. பாதத்தின் மேற்புறம் அகலமான பட்டை ஒன்றும், குதிகாலுக்குப் பின்னால் வார் ஒன்றும், இரண்டிலும் வெல்க்ரோவும் இருப்பது பெரும்பாலானோருக்கு ஏற்றது. காலையில் ஓர் அளவும் மாலையில் ஓர் அளவுமாக வீங்கும் காலுக்கு வெல்க்ரோவால் இடம் கொடுக்கலாம்.

கோளாறுக்கு ஏற்ற செருப்பு

ஒருவருக்குச் சுகம் தந்த செருப்பு அடுத்தவருக்கு வலி தரலாம், ஏனென்றால் சில கோளாறுகளுக்குத் தேவை நேர் எதிரானது.

குதிகால் வாதம் என்று சொல்லப்படும் வலி காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில்தான் கடுமையாக இருக்கும். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த தசைநார்ப் பட்டை இரவில் தளர்ந்து சுருங்கியிருக்கும், எழுந்து நின்றதும் திடீரென்று இழுபடும். இவர்களுக்குக் குதிகால் பக்கம் முன்பாதத்தைவிடச் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரமாகவும், பாதவளைவு கெட்டியாகவும் இருக்க வேண்டும். எவ்வளவு நல்ல செருப்பானாலும் வாசலில் கிடந்தால் பயனில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்து, தரையில் கால் படும் முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். குதிகாலுக்கு மேலே பின்புறத் தசைநாரில் வலி உள்ளவர்களுக்கும் இந்த உயரம் உதவும், ஆனால் பின்வார் வலிக்கிற இடத்தில் உரசக்கூடாது.

முன்பாதத்தில் எரிச்சலோ, கூழாங்கல்லை மிதிப்பது போன்ற உணர்வோ இருந்தால் குதிகால் உயரம் குறைவாகவே இருக்கட்டும், ஏனென்றால் உயரம் கூடினால் எடை முன்னே சரியும். தனியாகப் பேட் வைப்பவர்கள் வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே வைத்துவிடுகிறார்கள், அது வலியைக் கூட்டும். விரல்கள் தொடங்கும் இடத்தில் உள்ள எலும்பு முனைகளுக்குச் சற்றுப் பின்னால், குதிகாலை நோக்கித் தள்ளி வைத்தால்தான் சுமை பரவும்.

தட்டைப் பாதத்துக்குப் பாதவளைவின் உள்பக்கம் கெட்டியாகவும், குதிகால் உட்காரும் குழி ஆழமாகவும் வேண்டும். மிக உயர்ந்த வளைவுள்ள பாதம் அதிர்ச்சியைச் சரியாக வாங்காது, ஆகவே அதற்கு மெத்தை கூடுதலாக இருக்கலாம்.

பெருவிரல் மூட்டுப் புடைப்புக்கு அகலமான முன்பகுதியும், புடைப்பின் மேல் தையல் இல்லாத, இழுபடும் மேல்துணியும் போதும். பெருவிரல் மூட்டு இறுகி மடங்காமலிருந்தால் முன்பு சொன்ன மடக்கும் சோதனையும் மாறுகிறது: முன்பகுதி வளையாமல் கெட்டியாகவும், அடிப்பகுதி முன்னால் படகுபோல் சற்று மேலெழும்பியும் இருக்க வேண்டும். மூட்டு மடங்காமலே பாதம் உருண்டு முன்னேறும்.

சர்க்கரை நோயால் உணர்வு குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. விரலிடுக்கில் குமிழ் போகும் செருப்பு இவர்களுக்கு வேண்டாம், அந்த இடுக்கில் வரும் புண் தெரியாமலே பெரிதாகும். அக்குபிரஷர் என்று முள்முள்ளாகப் புடைத்த உள்ளட்டையும் அப்படியே, வலி உணராத பாதத்துக்கு ஒவ்வொரு முளையும் ஓர் அழுத்தப் புள்ளி. விரல்களை மூடிய, உள்ளே மடிப்போ தடித்த தையலோ இல்லாத செருப்பைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முறையும் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். சிறு கல்லோ உதிர்ந்த பொத்தானோ போதும். பாதம் மரத்திருந்தால் செருப்பு இறுக்கமா என்பதும் தெரியாது. பலர் தேவையைவிடச் சிறிய அளவையே சரியென்று நினைப்பார்கள். காகிதத்தில் வரைந்த அளவை நம்புங்கள்.

வழுக்காமல் இருக்க

அடிப்பகுதி ரப்பராக, நெளிநெளிக் கோடுகளோடு இருக்கட்டும். மிகத் தடித்த, மிக மென்மையான சோல் முதியவர்களுக்கு நல்லதல்ல. கால் எங்கே ஊன்றுகிறது என்ற உணர்வு மங்கி, தடுமாற்றம் கூடும். அடிப்பகுதி அகலமாகவும் மெலிதாகவும் உறுதியாகவும் இருந்தால் நிலை கிடைக்கும். சாக்ஸ் மட்டும் போட்டு நடப்பது வெறுங்காலைவிட வழுக்கும். குளியலறைக்குத் தனி ஜோடி வையுங்கள். ஈரச் செருப்பை நாள் முழுதும் போட்டிருந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும்.

பழக்குவதும் மாற்றுவதும்

பாதவளைவு மேடு உள்ள செருப்பை முதல் நாளே முழுநேரமும் போட வேண்டாம். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு தினமும் சிறிது கூட்டி, ஒன்றிரண்டு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். முதலில் சற்று அந்நியமாகத் தோன்றுவது இயல்பு, கூர்மையான வலி இயல்பல்ல. கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள், அடிப்புறம் தெரிய ஒரு கண்ணாடி உதவும். அரை மணி நேரம் கழித்தும் மறையாத சிவப்பு இருந்தால் அந்த இடம் அழுந்துகிறது என்று பொருள்.

மாதம் ஒருமுறை செருப்பை மேசையில் வைத்து, கண்மட்டத்தில் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, குதிகால் குழி அமுங்கி எழாமலிருந்தாலோ, அடிக்கோடுகள் தேய்ந்து வழுவழுப்பானாலோ மேல்பகுதி புதிதுபோல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஈவிஏ சூட்டில் சுருங்கும், கழுவிவிட்டு வெயிலில் காய வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள். பாலியூரித்தேன் என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக்கால் ஆன சோல் போடாமல் வைத்திருந்தாலும் காற்றின் ஈரத்தால் சில ஆண்டுகளில் பொடிந்துபோகும், அதனால் கூடுதலாக வாங்கிச் சேர்த்து வைப்பது வீண்.

சரியான செருப்புப் போட்டும் சில வாரங்களில் வலி குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால் வலி இல்லாவிட்டாலும் அன்றே காட்ட வேண்டும். அதுவரை அந்தக் காலை ஊன்றி நடக்க வேண்டாம்.