உண்ணி முட்டை வழியாக ரத்தமூத்திர நோய் பரவுவது எப்படி? ஒரு பாட்டிலில் பார்த்துவிடலாம்

உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கம் பால்மாடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: "உண்ணியெல்லாம் பிடுங்கி எறிஞ்சாச்சு, அப்புறமும் எப்படிங்க மாட்டுக்கு ரத்தமூத்திரம் வருது?" எங்கே எறிந்தீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். பெரும்பாலும் தொழுவத்து ஓரம், இல்லையென்றால் எருக்குழி.

படி 1: சரியான உண்ணியை எடுங்கள்

மடி, அலைதாடி, காது, வால் அடி ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். ரத்தம் குடித்து ஊதி, சாம்பல் நிறத்தில் உருண்டையாகத் தொங்குவது பெண் உண்ணி. கையுறை போட்டு, நசுக்காமல் எடுங்கள். வெறுங்கையால் நசுக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு. அதை விட்டுவிடுவது நல்லது.

படி 2: பாட்டிலில் போடுங்கள்

கண்ணாடி பாட்டிலில் லேசாக ஈரமான பஞ்சு வைத்து, உண்ணியைப் போட்டு, நெருக்கமான துணியால் வாயை இறுக்கிக் கட்டி நிழலில் வையுங்கள். சில நாளில் அது முட்டையிடத் தொடங்கும். பழுப்பு நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டிய கொத்து. முட்டை பெருகப் பெருகத் தாய் சுருங்கிச் செத்துவிடும். ஒரு உண்ணி இரண்டாயிரம், மூவாயிரம் முட்டை இடும். பார்த்தது போதும் என்றதும், பொரிப்பதற்கு முன்பே கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். ஆறுகால் குஞ்சுகள் வெளியே வந்துவிட்டால் பிடிக்க முடியாது.

படி 3: முட்டைக்குள் கிருமி போகும் வழி

ரத்தமூத்திரத்தை உண்டாக்கும் கிருமி, மாட்டின் சிவப்பணுவுக்குள் வாழும் பபீசியா என்ற ஒற்றைச்செல் உயிரி. அது ரத்தத்தோடு உண்ணியின் குடலுக்குப் போகிறது. அங்கே இணைந்து, குடல் சுவரைத் துளைத்து, உடல் முழுக்கப் பரவிச் சூலகத்துக்குள்ளும் நுழைகிறது. எல்லா முட்டையிலும் இருக்காது. ஒரு பங்கில் இருந்தாலே போதும். குஞ்சு வளரும்போது கிருமி அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து, அடுத்த மாட்டின் ரத்தத்தில் இறங்குகிறது.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? நம் பக்கம் பரவலான மாட்டு உண்ணி குஞ்சாக ஏறிய மாட்டிலேயே வளர்ந்து, இணைந்து, சுமார் மூன்று வாரத்தில் கீழே விழுவது. பெண் உண்ணி வேறு மாட்டுக்குப் போவதில்லை. ஆகவே கிருமிக்கு அடுத்த மாட்டை அடைய முட்டைதான் வழி.

1893இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். ஆய்வகத்தில் பொரித்த, எந்த மாட்டையும் அதுவரை கடிக்காத குஞ்சுகளை நல்ல மாட்டின் மேல் விட்டார்கள். மாட்டுக்குக் காய்ச்சல் வந்தது. பூச்சி, உண்ணி போன்றவை பாலூட்டிகளுக்கு நோய் பரப்புகின்றன என்று நிரூபித்த முதல் ஆய்வு அது.

படி 4: தைலேரியாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

தைலேரியா என்பது உண்ணி பரப்பும் இன்னொரு மாட்டுக் கிருமி. அது முட்டை வழியாக வராது. ஹையலோமா என்ற வேறு உண்ணி, இளம் பருவத்தில் எடுத்த கிருமியைத் தான் வளர்ந்தபின் இன்னொரு மாட்டுக்குக் கொடுக்கிறது. அது தொழுவச் சுவர் வெடிப்பில் ஒளியும். தோள்பட்டைக்கு முன் நெறிகட்டினால் இதைச் சந்தேகியுங்கள். பபீசியாவில் கடுங்காப்பி நிற மூத்திரம், கடும் காய்ச்சல், வெளுத்த கண்ணிமை. எதுவானாலும் மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்தபிறகே ஊசி. மருந்து இரண்டுக்கும் வேறு.

படி 5: தொழுவத்தில் செய்ய வேண்டியது

பிடுங்கிய உண்ணியை மண்ணெண்ணெய் டப்பாவில் போடுங்கள். சுவர் வெடிப்பைப் பூசிவிடுங்கள். உண்ணி மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் தெளித்து, புதுக் குஞ்சு ஏறி முட்டையிடும் வயதுக்கு வருவதற்குள், அதாவது மூன்று வாரத்துக்குள், மறுபடி தெளியுங்கள். நாட்டுக்கோழி நாலு சுற்றினாலும் நல்லது, கொத்தித் தின்னும்.

உண்ணி குறைவான பண்ணையிலிருந்து ஜெர்சி கலப்பினம் வாங்கினால் முதல் சில வாரம் தினமும் மூத்திரத்தைப் பாருங்கள். இங்கேயே பிறந்த கன்று சின்ன வயதில் லேசாக வாங்கித் தேறிக்கொள்ளும். வளர்ந்த பிறகு புதிதாக வரும் மாடுதான் திடீரென்று படுத்துவிடும்.