பினாங்கு வெயிலில் பவளத் தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் முறை

பினாங்கில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் பெரும்பாலும் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருக்கிறது. வீட்டுத் தொட்டியில் வளரும் பவளங்களுக்கு 25 முதல் 27 டிகிரி ஏற்றது. 28 வரை பெரும்பாலானவை தாங்கும். 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், தம் திசுக்களுக்குள் வாழ்ந்து உணவளிக்கும் நுண்பாசிகளை அவை வெளியேற்றி வெளுக்கத் தொடங்கும். 2010ஆம் ஆண்டு கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்கள் மூடப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, ஒன்றிரண்டு டிகிரி எவ்வளவு பெரிய வேறுபாடு என்பது தெரிந்திருக்கும். உப்பு கலப்பதும், சம்ப் எனப்படும் கீழ்த்தொட்டியை (வடிகட்டியும் கருவிகளும் இருக்கும் துணைத் தொட்டி) அமைப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு, குளிர்விப்பதை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

முதலில் அளந்து பாருங்கள். காலை ஏழு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் நீரின் வெப்பநிலையை ஒரு வாரம் குறித்து வையுங்கள். கண்ணாடியில் ஒட்டும் பட்டை வகை வெப்பமானி அறைக் காற்றையும் சேர்த்தே காட்டுவதால் அதை நம்ப வேண்டாம். நீருக்குள் உணர்முனை இறங்கும் டிஜிட்டல் கருவி ஒன்றும், அதைச் சரிபார்க்கச் சாதாரணக் கண்ணாடி வெப்பமானி ஒன்றும் போதும்.

அடுத்து, தொட்டிக்குள் நாமே சேர்க்கும் வெப்பத்தைக் குறைக்க வேண்டும். நீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் அதே நீரில் வெப்பமாகத்தான் தங்குகிறது. 40 வாட் பம்ப் ஒரு நாள் முழுவதும் ஓடினால் சேரும் வெப்பத்தை வெளியேற்ற மட்டுமே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் நீர் ஆவியாக வேண்டியிருக்கும். ஆகவே மாறுதிசை மின்சாரத்தில் (ஏ.சி.) ஓடும் பழைய பம்பை மாற்றி, வேகத்தைக் குறைத்து ஓட்டக்கூடிய, நேர்திசை மின்சாரத்தில் (டி.சி.) ஓடும் ரிட்டர்ன் பம்ப் (சம்பிலிருந்து நீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவது) வாங்குவதையே விசிறிக்கும் முன்பாக நான் பரிந்துரைப்பேன். விளக்கைப் பொறுத்தவரை, எட்டு மணி நேர ஒளி பவளத்துக்கு முக்கியமே தவிர, அது எந்த எட்டு மணி நேரம் என்பது முக்கியமன்று. அறை மிகவும் சூடாக இருக்கும் பிற்பகலைத் தவிர்த்து, மாலை ஐந்து மணி முதல் நள்ளிரவு ஒரு மணி வரை எரியும்படி டைமரை மாற்றிவிடுங்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் தொட்டி ஒளியோடு இருப்பது கூடுதல் மகிழ்ச்சி.

இனி விசிறி. நீரின் மேற்பரப்பைத் தொட்டுச் செல்லும்படி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாய்வாகக் காற்று வீச வேண்டும். நேர் கீழ்நோக்கி வீசுவதில் பயன் குறைவு. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன்கள் துள்ளி வெளியே விழாமலிருக்க மெல்லிய வலை போடுங்கள். 12 வோல்ட்டில் ஓடும் சிறிய விசிறியே என் தேர்வு, ஏனெனில் உப்புத் தெறிக்கும் இடத்தில் வீட்டு மின்னழுத்தம் நேரடியாக வரும் கருவியை வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், 100 லிட்டர் தொட்டியைச் சுமார் 6 டிகிரி இறக்கப் போதுமானது. ஆனால் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் கருவிகளிலிருந்தும் வெப்பம் ஓயாமல் திரும்பி வருவதால், நடைமுறையில் 2 முதல் 3 டிகிரி குறைந்தாலே அது நல்ல பலன்.

இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதல் நாள் நன்றாகக் குளிர்வித்த விசிறி, கதவு சன்னல்களை அடைத்துவிட்டு எல்லாரும் வேலைக்குப் போன நாளில் ஒன்றும் செய்யாதது போல் தோன்றும். விசிறியில் கோளாறு இல்லை. ஆவியான நீர் அறைக்குள்ளேயே தங்கி, காற்றின் ஈரப்பதத்தை ஏற்றிவிடுகிறது, அதன் பிறகு ஆவியாதல் மந்தமாகிவிடுகிறது. உங்கள் அறையில் விசிறியால் எதுவரை குளிர்விக்க முடியும் என்பதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். கண்ணாடி வெப்பமானியின் குமிழைச் சுற்றி நனைத்த பருத்தித் துணியைக் கட்டி, விசிறிக்கு முன்னால் ஐந்து நிமிடம் பிடியுங்கள். எண் இறங்கி எங்கே நிற்கிறதோ, அதற்குக் கீழே எந்த விசிறியும் உங்கள் தொட்டியைக் கொண்டுபோகாது. பம்பும் விளக்கும் இருப்பதால் நீர் அதைவிட ஓரிரு டிகிரி மேலேயே நிற்கும். அறை 33 டிகிரியாகவும் ஈரப்பதம் 65 விழுக்காடாகவும் இருந்தால் அந்த எல்லை ஏறத்தாழ 27. அடைத்த அறையில் வெப்பம் 31 ஆகக் குறைந்திருந்தும் ஈரப்பதம் 85ஐ எட்டினால் எல்லை 29ஐ நெருங்கிவிடும். அதாவது, காற்று குளிர்ந்திருந்தும் தொட்டி கூடுதலாகச் சூடாகும்.

எனவே எதிரெதிர்ச் சன்னல்களைச் சிறிதளவாவது திறந்து வையுங்கள். முடியாவிட்டால் காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்றை அறையில் பொருத்துங்கள். மழைக்காலத்தில் துவைத்த துணிகளைத் தொட்டி இருக்கும் கூடத்தில் உலர்த்துவதை அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி பார்க்கிறேன். அந்த ஈரம் முழுவதும் விசிறியின் வேலையைக் கெடுக்கிறது.

ஆவியாவது நன்னீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே இருந்துவிடும். 100 லிட்டர் தொட்டியில் 4 லிட்டர் குறைந்தால், ஆயிரத்துக்கு 35 என்றிருந்த உப்பின் அளவு 36.5ஐ நெருங்கும். ஆகவே குறைந்த அளவை ஆர்.ஓ. நீரால் (சவ்வு வழியே வடிகட்டித் தூய்மையாக்கிய நன்னீர்) அன்றாடம் நிரப்புங்கள். உப்பு நீரால் ஒருபோதும் நிரப்பாதீர்கள். தானாக நீர் நிரப்பும் கருவி வாங்கும் வசதி இருந்தால், ஆடம்பர விளக்குக்கு முன்பாக அதை வாங்குங்கள்.

கோலாலம்பூரில் உயர்மாடியில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுப்பிய சிக்கலை இங்கே சேர்க்கிறேன். அவருடைய தொட்டி படுக்கையறையில் இருக்கிறது. இரவில் குளிர்சாதனம் ஓடி நீர் 24க்கு இறங்குகிறது, பகலில் 29க்கு ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கம், நிலையாக 28இல் இருப்பதைவிடப் பவளத்துக்குக் கெடுதலானது. இங்க்பேர்ட் போன்ற இரட்டை முனைக் கட்டுப்பாட்டுக் கருவியில் ஹீட்டரையும் விசிறியையும் இணைத்து, 26க்குக் கீழே போனால் ஹீட்டரும் 27ஐத் தாண்டினால் விசிறியும் இயங்கும்படி அமைத்துக்கொண்டால் இது தீரும்.

அக்ரோபோரா போன்ற நுட்பமான பவளங்களை வளர்ப்பவர்களுக்கு விசிறி போதாது, நீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் வேண்டும். அதைத் தொட்டிக்குக் கீழே மூடிய அலமாரிக்குள் வைத்தால், தான் வெளியேற்றும் சூட்டையே மீண்டும் இழுத்து இடைவிடாமல் ஓடும். பால்கனியில் நிழலான இடத்தில் வைத்து, குழாய்க்கு நுரை உறை போடுங்கள். 25க்குப் பதிலாக 27இல் நிறுத்தினால் மின் கட்டணத்திலும் நல்ல வேறுபாடு தெரியும். அதன் தூசி வலையை மாதந்தோறும் கழுவுங்கள்.

மின்வெட்டுக்கு மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும், உறைவிப்பானில் மூடி இறுகிய நீர்ப் போத்தல்கள் சிலவும் தயாராக இருக்கட்டும். பனிக்கட்டியை நேரடியாகத் தொட்டியில் போடாதீர்கள். அது உருகும்போது உப்பின் அளவு இறங்கும், குழாய் நீரில் செய்ததாக இருந்தால் குளோரினும் சேரும். ஒன்றரை லிட்டர் போத்தல் முழுவதும் உருகினால் 100 லிட்டர் நீரை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி இறக்கிவிடும் என்பதால், ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் மிதக்கவிட வேண்டாம். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். அதனால் போத்தலைத் தேடும் முன் காற்றுப் பம்பை முடுக்கிவிடுங்கள். மின்சாரம் திரும்பியதும் பம்பையும் விசிறியையும் ஓடவிட்டு, நீர் 27க்கு இறங்கும் வரை விளக்கைப் போடாதிருங்கள்.