ஆபீஸ் காமெடி எழுதப் போகிறீர்களா? நான் விழுந்த குழிகள் இவை

போன மாதம் மூன்று பேர் ஓர் ஆபீஸ் காமெடித் தொடரின் முதல் எபிசோடைப் படிக்கக் கொடுத்தார்கள். ஐந்தாவது பக்கத்திலேயே எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏழு வருடத்துக்கு முன் நான் எழுதி ஊற்றிக்கொண்ட தொடரேதான், ஊர் மட்டும் வேறு. நீள வசனம், பழைய ஜோக் எல்லாம் எடிட்டிங்கில் போய்விடும். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

மானேஜரை வெறும் முட்டாளாக்குவது

இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. என் தொடர் நடந்தது ஒரு கூரியர் கிளையில். மானேஜர் பார்சலைத் தொலைப்பார், பெயரை மாற்றிக் கூப்பிடுவார், தப்பான ஆளைத் திட்டுவார். எழுதும்போது விழுந்து விழுந்து சிரித்தோம். நாலாவது எபிசோடோடு பார்க்கிறவர்கள் கழன்றுகொண்டார்கள். வீட்டில் அம்மா கேட்டார்: "ஏன்டா, இவனுக்கெல்லாம் யாருடா வேலை குடுத்தா?"

என்னிடம் பதில் இல்லை.

பிரிட்டிஷ் ஆபீஸ் காமெடித் தொடர் 'தி ஆபீஸ்' அமெரிக்காவுக்குப் போனபோதும் இதே கதைதான். 2005-இல் வந்த முதல் எபிசோடில் பிரிட்டிஷ் மூலத்தின் வசனம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. மூலத்தின் மானேஜர் டேவிட் பிரென்ட் சகிக்க முடியாத ஆள். ஆனால் இரண்டு சீசனுக்குமாக 12 எபிசோடு, அப்புறம் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பு, அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிடலாம். வருடத்துக்கு இருபதுக்கு மேல் எபிசோடு எடுக்கிற ஊரில் அது செல்லாது. முதல் சீசனின் 6 எபிசோடிலும் அமெரிக்க மானேஜர் மைக்கேல் ஸ்காட் எரிச்சலைத்தான் கிளப்பினார்.

இரண்டாவது சீசனில் வழி கண்டுபிடித்தார்கள். முக்கியமான வாடிக்கையாளர் ஒருவரை மைக்கேல் சில்லீஸ் உணவகத்துக்கு இழுத்துப்போய், வியாபாரமே பேசாமல் ஜோக்கும் அரட்டையுமாகப் பொழுதைக் கழிக்கிறார். கூட வந்த மேலதிகாரி நெளிகிறார். கடைசியில் ஆர்டர் மைக்கேலுக்கே வருகிறது. மனுஷன் மானேஜராக மொக்கை, விற்பனையில் கில்லாடி! அந்த நாற்காலி எப்படிக் கிடைத்தது என்பது புரிந்துவிடுகிறது. 2013 வரை 201 எபிசோடு ஓடியது.

வேடிக்கை என்னவென்றால், அந்த அமெரிக்கத் தொடரை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸே 2009-இல் மைக்கேல் ஷூரோடு சேர்ந்து, ஊராட்சிப் பூங்காத் துறை ஆபீஸில் நடக்கும் 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' தொடங்கியபோது மறுபடி அங்கேயே போய் விழுந்தார். அதிலும் முதல் சீசன் 6 எபிசோடுதான். அதன் நாயகி, அதிகாரி லெஸ்லி நோப் விவரமில்லாத பெண்ணாகத் தெரிந்தார். அடுத்த சீசனில் அவரை வேலையில் கெட்டிக்காரராகவும், கேலி செய்கிறவர்களே உள்ளுக்குள் மதிக்கிறவராகவும் மாற்றிய பிறகுதான் தொடர் நிமிர்ந்தது.

அவர்களுக்கு இரண்டாவது சீசன் கிடைத்தது. எனக்குத் தரவில்லை. உங்களுக்கும் தருவார்கள் என்று நம்பி எழுதாதீர்கள்.

கேமராவைப் பார்த்து முழிப்பது

இந்தத் தொடர்களில் யாரோ ஆபீஸை ஆவணப்படமாக எடுப்பதுபோல் பாத்திரங்கள் கேமராவைப் பார்க்கும். படம் பிடிப்பது யார், எதற்கு என்று முடிவு செய்துவிட்டு முழிக்க விடுங்கள்.

முதல் எபிசோடிலேயே காதல்

வேண்டாம்.

வேலையே நடக்காத ஆபீஸ்

ஒரு நிஜக் கூரியர் கிளையில் நான் இரண்டு நாள் உட்கார்ந்தேன். எப்போது? எட்டு எபிசோடும் எழுதி, எடுத்து, ஊற்றிக்கொண்ட பிறகு. அங்கே ஒருவர் போனில் "பிள்ளையார் கோயிலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று அரை மணி நேரம் வழி கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் எழுதிய எதுவும் அதன் கிட்டே நிற்காது. அந்தக் கிளை மானேஜரும் காட்டுக் கத்தல் கத்துகிறவர்தான். ஆனால் பாதி முகவரி அழிந்த பார்சலைக் கையில் கொடுத்தால் எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்.

அந்த மூன்று பேருடைய முதல் பக்க ஓரத்தில் அம்மாவின் கேள்வியை எழுதித் திருப்பிக் கொடுத்தேன். நேற்று இரண்டாவது டிராஃப்ட் வந்தது. அந்தக் கேள்வியை ரிசப்ஷனிஸ்ட்டுக்கு வசனமாக வைத்திருக்கிறார்கள்.