தன்னார்வலர்களைத் துரத்தும் தவறுகள்

மழை தொடங்கியதும் சேலத்தில் டெங்கு வேலைக்கு ஆள் திரட்டுவார்கள். கல்லூரிப் பிள்ளைகள், மகளிர் குழு அக்காக்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று முதல் ஞாயிறு நல்ல கூட்டம். மூன்றாம் வாரம் பாதிப் பேரைக் காணோம். ‘இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்லை’ என்று பழியை அவர்கள் தலையில் போடுவது சுலபம். பெரும்பாலும் கோளாறு கூப்பிட்டவர்களிடம்தான்.

‘வீடு வீடாகப் போய் விழிப்புணர்வு ஏற்படுத்துங்க’ என்று ஒரு கட்டு நோட்டீஸைக் கையில் திணிப்பதுதான் பெரிய தவறு. அம்மாப்பேட்டையில் தறி ஓடும் வீட்டு வாசலில் நின்று என்ன பேசினாலும் காதில் விழாது. தெருவைப் பிரித்துக் கொடுங்கள், ஆளுக்கொரு டார்ச் கொடுங்கள். தண்ணீர் ட்ரம், ஃபிரிட்ஜின் பின்தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், பழைய டயர் என்று எங்கே பார்ப்பது என்பதைக் காட்டுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்தை ஒட்டிப் பாத்திரச் சுவரில் முட்டையிடும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது. தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஒரு வாரம் விட்டால் போன வாரத்துப் பாடு வீண் என்று தெரிந்தவர் தானாக வருவார்.

மலைக்கும் நகரத்து நேரத்தையே வைப்பது இன்னொன்று. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மார்கழியில் காலை பத்து மணிக்கு ஊருக்குள் போனால் பூட்டிய கதவும் நாயும்தான் எதிர்ப்படும். எஸ்டேட் வேலை முடிந்து ஆட்கள் திரும்பும் நேரம் பார்த்துப் போக வேண்டும். அப்போது கீழே இறங்க பஸ் இருக்குமா என்பதையும் கூப்பிட்டவரே யோசிக்க வேண்டும். அந்தந்த ஊர்க்காரரையே சேர்த்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். சம்பளம் கேட்காதவர் என்பதற்காக பஸ் காசையும் சொந்தக் கையிலிருந்து போடச் சொல்வது அநியாயம். அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

காய்ச்சல்காரருக்கு மாத்திரை கொடுக்கும் வேலை தன்னார்வலருடையது அல்ல. உடம்பு வலிக்கிறதென்று ஆஸ்பிரினோ இபுபுரூஃபெனோ கொடுத்தால் டெங்குவில் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதோடு அவர் பொறுப்பு முடிந்தது. வீடு வீடாகப் போகும்போது தெரியவரும் காசநோயாளியின் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது என்பதையும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லுங்கள். சின்ன ஊரில் அந்தப் பெயர் பொழுது சாய்வதற்குள் டீக்கடைக்கு வந்துவிடும்.

எந்த வீட்டில் கொசுப்புழு இருந்தது என்று தன்னார்வலர்கள் எழுதிக் கொடுத்த தாள்கள் பீரோவுக்குள் போய்விடுகின்றன. யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அடுத்த ஞாயிறு வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, எந்தத் தெருவில் புழு குறைந்தது, எதில் குறையவில்லை என்று வாசித்துக் காட்டுங்கள். குறையாத தெருவுக்கு யார் போவது என்று அவர்களையே கேளுங்கள்.