தம்பலகாமத்துக்கு எப்போது போவது?

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து ஆடி, ஆவணியில் பயணச்சீட்டு எடுப்பதே புலம்பெயர்ந்த குடும்பங்களில் வழக்கம். கடற்கரைக்கு அது பொருந்தும்; நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கடல் அடங்கிக் கிடப்பது அந்த மாதங்களில்தான். ஆனால் திருகோணமலை நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 25 கிலோமீற்றர் தொலைவில் வயல்களுக்கு நடுவே இருக்கும் தம்பலகாமத்துக்கு வருகிறவர்கள், விமானச் சீட்டின் விலையைப் பார்ப்பதற்கு முன், இந்த வயல்களுக்கு நீர் தரும் கந்தளாய்க் குளத்தின் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்பது நல்லது. உறவினருக்கு ஓய்வு இருப்பதும், கையில் காசு புரள்வதும், கல்யாணப் பேச்சு எழுவதும் அந்தக் கணக்கின்படிதான் நடக்கின்றன.

பெரும்போகம் வாடைக்காற்றோடு வரும் மழையை நம்பியது. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தது மாசி, பங்குனியில் அறுவடைக்கு வரும். சிறுபோகம் குளத்து நீரை நம்பியது. சித்திரைக்குப் பின் தொடங்கி, கச்சான் காற்று வீசும் மாதங்களைத் தாண்டி, ஆவணி, புரட்டாதியில் முடியும். விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் ஆரம்பக் கூட்டத்தில்தான் தண்ணீர் திறக்கும் நாளும் விதைப்பை முடிக்க வேண்டிய நாளும் தீர்மானமாகும். "எப்ப வரலாம்?" என்று தொலைபேசியில் கேட்டால், எந்த உறவினரும் "எப்பவும் வாங்கோ" என்றுதான் சொல்வார்கள், ஆகையால் "தண்ணி எப்ப திறக்கிறாங்கள்?" என்று கேளுங்கள், உண்மையான விடை அதில் கிடைக்கும். இதை அறியாமல் ஒரு கார்த்திகையில் போய் இறங்கிய நான், மூன்று நாள் பூட்டிய வீடுகளுக்கு முன்னால் குடையோடு நின்றேன். ஊர் முழுவதும் முழங்கால் சேற்றில் நின்றது. என்னை உபசரிக்கவென்று ஒருவர் வேலையை விட்டு ஏறி வந்தபோது வெட்கமாகப் போய்விட்டது.

என் கணிப்பில் தைப்பொங்கலிலிருந்து மாசி முடிவு வரையே சிறந்த காலம். தைப்பொங்கலையும் மாட்டுப்பொங்கலையும் எல்லோரும் அறிவார்கள். புதிர் எடுப்பதை வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் கண்டிருக்க மாட்டார்கள். தைப்பூசத்தையொட்டி, முற்றிய கதிர்களில் ஒரு பிடியை நல்ல நேரம் பார்த்து அரிந்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். என் பெரியம்மா அந்தப் பிடியை வெறுந்தரையில் வைக்க விடமாட்டார். சாணத்தால் மெழுகிய இடத்தில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்து, சில கதிர்களை வாசல் நிலையில் கட்டிவிட்டு, மிச்சத்தைக் கையால் உருவி, உரலிலிட்டுக் குற்றிப் பழைய அரிசியோடு கலந்து புக்கை பொங்குவார். ஒரு சுண்டு கூடத் தேறாத அந்தப் புத்தரிசியின் பச்சை மணம் பானை முழுவதும் ஏறியிருக்கும். அந்த நாளில் விருந்தினர் சாப்பிடாமல் எழுந்து போவதை யாரும் விரும்புவதில்லை. வேறு வீடுகளுக்கும் போக வேண்டுமென்றால் சிறிதளவாவது வாயில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள். அறுவடை இப்போது பெரும்பாலும் மெசினில்தான். சூடு (கதிர்ப்போர்) மிதித்த காலத்துக் களத்தையும், "பொலி, பொலி" என்று நெல்லை வாழ்த்திய குரலையும் பெரியவர்களின் வாயால்தான் கேட்க முடியும். அவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள்.

ஆதிகோணநாயகர் கோயில் வயல்வெளிக்கு நடுவே, கோயில்குடியிருப்பில் இருக்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் திருகோணமலை நகரின் சுவாமிமலைக் கோணேசர் கோயிலை இடித்தபோது, அடியார்கள் மறைத்துக் கொண்டுபோன திருவுருவங்களுக்காகப் பிற்பாடு இங்கே கோயில் எழுந்தது என்பது ஊரின் வரலாறு. அந்த மலையில் இன்று நாம் கும்பிடும் கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. இடைப்பட்ட மூன்று நூற்றாண்டுகளின் நினைவைச் சுமந்தது இந்த வயற்காட்டுக் கோயிலே. கவிராசவரோதயரின் 'கோணேசர் கல்வெட்டு' என்ற நூல் தானத்தார், வரிப்பத்தார் என்று கோயிற் பணி செய்வோரை வகுத்துச் சொல்கிறது. எந்தக் குடும்பத்துக்கு எந்தத் தொழும்பு என்ற பேச்சு இன்றும் ஊரில் உண்டு. ஆகவே உற்சாகத்தில் நீங்களாகவே விளக்கையோ குடையையோ தூக்கிவிடாதீர்கள். உபயம் செய்ய விரும்பினால், அது யாருடைய முறை என்று முதலில் விசாரியுங்கள். ஆண்கள் வேட்டியோடும் மேலாடை இன்றியும் உள்ளே போவதே முறை. மாசியில் வந்தால், சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் திருகோணமலை நகர்வலம் வருவதையும் காணலாம்.

கந்தளாய்க் குளத்துக்கு ஒரு மாலையாவது ஒதுக்குங்கள். தமிழ் மரபு அதைக் குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டியதாகச் சொல்கிறது. சிங்கள வரலாற்று நூல்கள் அநுராதபுர மன்னர்களைச் சொல்கின்றன. இந்த வழக்கை அணைக்கட்டில் நின்று தீர்க்க முயல வேண்டாம். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடியும் முன் அணை உடைந்ததில் 100இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கட்டின் மீது நடக்கும்போது நடுத்தர வயதைக் கடந்த யாரிடமாவது மெல்லக் கேட்டால், அந்த இரவைப் பற்றிச் சொல்வார்கள். போர்க்கால இடப்பெயர்வுகளைப் பற்றி மட்டும், அவர்களாகப் பேச்செடுக்கும் வரை கேட்காதிருப்பதே மரியாதை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே வாய்க்கால் நீரில் பயிர் செய்யும் பிரதேசம் இது; மற்றவர் மனம் நோகும் பேச்சை வெளிநாட்டிலிருந்து சுமந்து வர வேண்டாம்.

போக்குவரத்து எளிது. கொழும்புக் கோட்டையிலிருந்து வரும் திருகோணமலை ரயில் பாதையில் தம்பலகாமம் ஒரு நிலையம். நகரிலிருந்து கந்தளாய்ப் பக்கம் போகும் பேருந்தில் வருவோர், பிரதான வீதியிலுள்ள இடங்களை ஊரவர் கட்டை (மைல்கல்) கணக்கில் சொல்வதால், எத்தனையாம் கட்டையில் இறங்குவது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஹபரணைப் பக்கமிருந்து வாகனத்தில் வருகிறவர்கள் இருட்டுமுன் வந்து சேருங்கள். யானை வீதியைக் கடக்கும்போது ஹோன் அடிப்பதும் படம் எடுக்க இறங்குவதும் உயிரோடு விளையாடுவதாகும். மழைக்குப் பின்னான வாரங்களில் நுளம்பு அதிகம், டெங்குப் பயமும் உண்டு. மாலையில் குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டை போடுங்கள்.

திரும்பும்போது யாராவது ஒரு சட்டி எருமைத் தயிரைக் கையில் தராமல் விடமாட்டார்கள். கொழும்பு வரை அது தாங்கும். சட்டியின் வாயைத் தாளால் மூடிக் கயிற்றால் கட்டச் சொல்லி, ரயிலில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேல் தட்டில் வைக்காதீர்கள்.