கண்மாய் மண்ணில் அகல் விளக்கு: வெள்ளைப் பொட்டு வராமல் மண்ணைப் பக்குவம் செய்வது எப்படி?

போன கோடையில் எங்கள் ஊர்க் கண்மாய் மண்ணில் 20 அகல் செய்தேன். காரைக்குடிப் பக்கம் ஒரு சூளையில் சட்டி பானைகளோடு சேர்த்துச் சுட்டுக் கொடுத்தார்கள். நல்ல சிவப்பு, தட்டினால் கணீர் என்ற சத்தம். நான்காம் நாள் ஒன்றின் விளிம்பு காசளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. பள்ளத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு. ஒரு வாரத்துக்குள் 11 அகல் போச்சு.

சூளைக்காரப் பெரியவரிடம் காட்டினேன். "நத்தைக்கூட்டையும் சேத்துல்ல பிசைஞ்சிருக்கீக தம்பி" என்று சிரித்தார்.

எந்த மண்

கருங்கல்லில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் சிதைந்து, இருந்த இடத்திலேயே தங்கினால் அது வெள்ளைக் களிமண், அதாவது கயோலின். பீங்கானுக்கு ஆகும், சுமார் 1300 டிகிரி சூடு கேட்கும். தனியாகப் பிசைந்தால் வளையாது, விரிசல் விடும். கடையில் சைனா களிமண் வாங்கி அகல் பிடிக்கப் பார்த்து நொந்தவர்கள் கவனிக்க. மழைநீர் அடித்துக்கொண்டு வந்து கண்மாயில் படிய வைத்த மண் நுண்ணியது, இழுத்த இழுப்புக்கு வரும். இரும்புச்சத்து இருப்பதால் சுட்டால் சிவக்கும். 900 டிகிரி வாக்கில் வெந்துவிடும். நமக்கு இதுதான்.

(தரையில் பதிக்கும் ஆத்தங்குடி ஓடுகளையும் இந்த மண்ணில் செய்யலாமா என்று கேட்காதீர்கள். அது சிமெண்டும் மணலும் சாயமும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்ப்பது. அதற்குச் சூளையே கிடையாது.)

கண்மாய் வற்றிய சித்திரையில், உரிய அனுமதி வாங்கிக்கொண்டு எடுங்கள். மேலே ஓர் அடி மண்ணை விட்டுவிட்டு அதற்குக் கீழே தோண்டுங்கள். ஒரு பிடியை ஈரமாக்கிச் சுண்டுவிரல் தடிமனுக்கு உருட்டி மோதிரமாக வளையுங்கள். வெடிக்கவில்லை என்றால் சரி.

காயவைத்து, அப்புறம் ஊறவைப்பது

ஈர மண்ணை அப்படியே தண்ணீரில் போட்டால் கட்டி வாரக்கணக்கில் கரையாது. முதலில் மொட்டைமாடியில் கல்லாகக் காயட்டும். பிறகு உடைத்துத் தண்ணீரில் போட்டால் தானாகவே பொரிந்து மாவாகும். கையால் பிசைந்து கரைக்கவே வேண்டாம்.

சலிப்பது: நான் கோட்டை விட்ட இடம்

நத்தைக்கூடும், மண்ணில் கட்டியாகக் கிடக்கும் சுக்கான்கல்லும் சுண்ணாம்பு. சூளைச் சூட்டில் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். வெளியே வந்ததும் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து நீறும், அதாவது பொடிந்து போகும்; நீறும்போது உப்பும். நம் பக்கத்து வீடுகளின் சுவர்ப்பூச்சுக்குக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றினார்களே, அதே வேலை அகலுக்குள் நடக்கிறது. அதனால்தான் சூளையில் வெடிக்காமல், வீட்டுக்கு வந்து நாலு நாள் கழித்து வெடிக்கிறது.

காய்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் லேசாக நுரைத்தால் பெரிய ஆபத்தில்லை, சுண்ணாம்பு பொடியாகக் கலந்திருக்கிறது. அங்கங்கே புள்ளியாகப் பொங்கினால் உள்ளே கட்டி இருக்கிறது.

முதல்முறை நான் கொசுவலையில் வடிகட்டினேன். போதாது. கடுகளவு துண்டு தாராளமாக நுழைந்துவிடும். இப்போது இரண்டு சலிப்பு. வேரும் கல்லும் போகக் கொசுவலை; அப்புறம் அங்குலத்துக்கு 80 கண் உள்ள எஃகுச் சல்லடை. கரைசல் மோர் பதத்தில் இருக்க வேண்டும். தோசைமாவு பதத்தில் ஊற்றினால் சல்லடை அடைத்துக்கொள்ளும். உடனே தேய்த்து இறக்கத் தோன்றும். தேய்க்காதீர்கள், சல்லடையைத் தட்டுங்கள்.

உலர்த்தி, அளப்பது

ஒரு நாள் தெளியவிட்டு மேல்தண்ணீரை இறுத்துவிட்டு, மண்ணைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். என் ஓட்டு பழைய கண்டாங்கிச் சேலைக்குத்தான். பாரம் தாங்கும், நீரும் வடியும். அப்பத்தாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள். நான் கேட்கவில்லை.

சப்பாத்தி மாவு பதம் வந்ததும் ஒரு பட்டை தட்டி, அதில் 10 செ.மீ. கோடு கீறிக் காயவையுங்கள். என் கோடு 9 செ.மீ. ஆனது, அதாவது பத்து சதவீதச் சுருக்கம். இவ்வளவு சுருங்கினால் விளிம்பு வெடிக்கும். அஞ்சுக்கு ஒரு பங்கு மணல் சேர்த்த பிறகு 9.3இல் நின்றது. மணலையும் சலித்தே சேருங்கள், அதிலும் நத்தைக்கூட்டுத் துண்டு கிடக்கும்.

அகல் பிடிப்பது உங்கள் கை. நிழலில் ஒரு வாரம் காயட்டும். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் சூளையில் நீராவியே உடைத்துவிடும்.

பின்சேர்க்கை: "ஏற்கெனவே சுட்டாச்சு, இப்போது என்ன செய்ய?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். சூளையிலிருந்து எடுத்து ஆறியதும் தண்ணீரில் முழுக்க முக்கி ஒரு நாள் வையுங்கள். சுண்ணாம்பு பொடியாக இருந்தால் ஈரத்திலேயே நீறிக் குழைந்து அடங்கிவிடும். கடுகளவு என்றால் தப்பாது. மிஞ்சிய என் 9 அகலை அப்படித்தான் வைத்தேன். 6 பிழைத்தன.